சலாலாவிலிருந்து வந்த புல் மெசின்

சலாலா, ஓமான்
3.4.1996

அன்புள்ள ஸைனம்புவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உம்மாவின் முழங்காலுக்குத் தைலம் வாங்கியிருக்கிறேன். அது ஒரு மெசினோடு சேர்ந்து கப்பலில் வருகிறது.

என்ன மெசின் என்று கேட்பாய். எங்கள் பண்ணையில் புதியதை இறக்கிவிட்டு, பழையதை எனக்கே கொடுத்துவிட்டார்கள். ஃப்ளெயில் மோவர் என்பார்கள். ட்ராக்டருக்குப் பின்னால் பூட்டுவது. வெளியே பார்த்தால் ஒரு நீளமான இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். மூடியைத் தூக்கினால் உள்ளே ஓர் உருளை, உருளை முழுக்கத் தொங்கும் இரும்புச் சுத்தியல்கள். ட்ராக்டர் உருளையைச் சுழற்றினால் அத்தனை சுத்தியலும் விறைத்து நிற்கும். கல் குறுக்கே வந்தால் மடங்கிக்கொள்ளும். புல் வந்தால் தூளாக்கிவிடும். முதல் நாள் இதைப் பார்த்தபோது சாப்பாட்டை மறந்து வெயிலில் நின்றேன். ஆள் உயரப் புல்லுக்குள் போன ட்ராக்டரின் பின்னால் வெறும் பச்சைக் கம்பளம் வந்துகொண்டிருந்தது. அல்லாஹ் மனிதனுக்கு எப்படியெல்லாம் மூளையைக் கொடுத்திருக்கிறான்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். கலேவெல வியாபாரி ஒருவர் நம் தென்னை வளவை விலைக்குக் கேட்கிறார் என்று ஊரிலிருந்து ஸெய்னுலாப்தீன் நானா எழுதியிருக்கிறார். கினிப்புல் மூடிக் கிடக்கிற நிலத்தை யாரும் நம்பி வாங்க மாட்டார்கள். ஆளை வைத்து வெட்டிச் சுத்தமாக்கிக் காட்டு. விற்றுவிட்டு மாத்தளை டவுனில் ஒரு வீடு கட்டுவோம். ஆகஸ்டில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைப்பதாக இருக்கிறேன்.

வாப்பாவை ஆனை அடித்த மண்ணில் நான் மறுபடி கால் வைக்க மாட்டேன். போன முறை வந்தபோதே சொல்ல நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

ஸக்கரியா


கலேவெல
27.4.1996

என் மச்சானுக்கு ஸலாம்.

மெசின் வந்துவிட்டது. வருகிற வழியில் ஆமிக்காரர்களையும் மயக்கிவிட்டு வந்திருக்கிறது. குருநாகல் பாதையில் லொறியை மறித்து, மூடியைத் திறந்து பார்த்தவன் பயந்து போய்த் துவக்கை நீட்டினானாம். புல்லு வெட்டுவது என்று லொறிக்காரர் சொன்னதும், "புல்லுக்கு இவ்வளவு சுத்தியலா?" என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறான். பிறகு உருளையைக் கையால் ஒரு சுற்று சுற்றியிருக்கிறான். சுத்தியல்கள் கலகலவென்று விழுந்த சத்தத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். மற்றவர்களையும் கூப்பிட்டு ஆளுக்கொரு சுற்று சுற்றவிட்டு, கடைசியில் சாமான்களைக் கிண்டாமலே அனுப்பிவிட்டான்.

ரத்தோட்டைப் பக்கத் தோட்டத்தில் ட்ராக்டர் ஓட்டிவிட்டு, இங்கே பழைய மெஸி ட்ராக்டர் ஒன்றை வைத்து வாடகைக்கு உழுகிற அழகமுத்து அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். சுற்றிச் சுற்றி வந்தார். "இது என்னா தங்கச்சி, பூதத்துக்குப் பல்லு கட்டிவுட்ட மாதிரி இருக்குங்க" என்றார். ட்ராக்டரையும் மெசினையும் இணைக்கிற தண்டு ஒரு கை நீளம் கூட என்று சொல்லி இரும்பு அறுக்கிற வாளையும் எடுத்துவிட்டார். மச்சானைக் கேட்காமல் வெட்டக்கூடாது என்று நான்தான் தடுத்தேன். எப்படி வெட்டுவது என்று விவரமாக எழுதுங்கள்.

இனி உங்கள் மற்றப் பேச்சு. பெண் பார்க்க வருகிறார்கள் என்று தலைவாரி விடுகிற மாதிரி, விற்பதற்காகவா வளவைச் சுத்தமாக்கச் சொல்கிறீர்கள்? எனக்கு டவுன் வீடு வேண்டாம். எனக்கு நீங்கள் வேண்டும். இந்தத் தென்னைகளை ஒழுங்காகப் பார்த்தால் நாம் மூன்று பேரும் மரியாதையாகச் சாப்பிடலாம். வளவை விற்றால் நீங்கள் திரும்பி வந்து செய்வதற்கு ஒரு தொழிலும் இருக்காது. அதற்குப் பிறகு இரண்டு வருடம், இன்னும் இரண்டு வருடம் என்று அங்கேயே நரைத்துப் போவீர்கள்.

உங்கள் பயம் எனக்குத் தெரியாததல்ல. மாமி இன்றைக்கும் வளவைப் பார்த்த பின்வாசலைத் திறப்பதில்லை. ஆனால் பயத்துக்கு வளவைக் கொடுக்கலாம், புருஷனையும் சேர்த்துக் கொடுக்க என்னால் முடியாது. மெசினைப் பூட்டி வெட்டுவேன். விற்பதற்காக அல்ல. கோபித்தால் கோபித்துக்கொள்ளுங்கள்.

ஸைனம்பு


சலாலா
13.5.1996

ஸைனம்பு,

கோபித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனாலும் மெசின் விஷயத்தில் கோபம் காட்டக்கூடாது, ஆள் உயிர் போய்விடும். அழகமுத்துவை உட்காரவைத்து இதை மெதுவாக வாசித்துக் காட்டு.

முதலில் மெசினைச் சமதரையில் வைத்து, ட்ராக்டரின் கீழ்க் கைகள் இரண்டையும் கொளுவி, மேல் கையைக் கடைசியில் பூட்ட வேண்டும். பிறகு தண்டு. அது ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு குழாய். மெசினைத் தூக்கி இறக்கும்போது எந்த இடத்தில் தண்டு மிகவும் குறுகுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தில் குழாய்கள் முட்டினால் கியர்ப்பெட்டி உடைந்துவிடும். முட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு அடையாளம் வைத்து, இரண்டு குழாயிலும் ஒரே அளவு வெட்டி, அரத்தால் தேய்க்கட்டும். நீளும்போதும் ஒரு சாண் அளவுக்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். தண்டைப் பூட்டும்போது அதைப் பிடிக்கிற முள் 'டக்' என்று விழுந்த சத்தம் கேட்காமல் விடக்கூடாது.

பின்னால் உள்ள உருட்டுத்தடியை இரண்டு பக்கமும் ஒரே துளையில் வைத்தால்தான் வெட்டு சமமாக வரும். முதல் வெட்டுக்கு உயரமாக வையுங்கள். இஞ்சினைத் தணித்து வைத்துச் சுழற்சியைக் கொடுத்து, பிறகுதான் வேகத்தைக் கூட்ட வேண்டும். வண்டி முதல் கியரில் போனால் போதும். பின்னால் ஒருத்தரும் நிற்கக்கூடாது, கல் துவக்குக் குண்டு மாதிரி வரும்.

எங்கள் பண்ணையில் வெளி ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவோம். அப்படியே செய்யட்டும். வீணாகத் திரும்ப வேண்டியதில்லை, டீசலும் மிச்சம்.

நீ அந்தப் பக்கம் போகாதே. வீட்டில் இருந்து பார். இது ஒன்றையாவது கேள்.

விற்பதைப் பற்றி நானாவுக்கு இன்னும் பதில் போடவில்லை.

ஸக்கரியா


கலேவெல
9.6.1996

மச்சான்,

நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

தண்டை நீங்கள் சொன்னபடியே வெட்டிப் பூட்டினோம். முள் விழுந்த சத்தம் மாமிக்கே கேட்டது. அவர் திண்ணமான குரலில் யாசீன் ஓதி மெசினுக்கு ஊதிவிட்டார். அழகமுத்து அண்ணனுக்கு அது போதவில்லை. தேங்காய் உடைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, எங்கிருந்தோ ஒரு செவ்வந்தி மாலை கொண்டுவந்து சுவாமிக்குப் போடுகிற மாதிரித் தண்டுக்கே போட்டுவிட்டார். தண்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை இருந்ததே, அதைக் கப்பலில் அடிபடாமல் இருக்கச் சுற்றிய பொதி என்று நினைத்து ஏற்கனவே கழற்றி வைத்திருந்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உங்கள் கடிதத்திலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சுழற்சியைக் கொடுத்துவிட்டு, மாலை அழகாகச் சுற்றுகிறதா என்று இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தார். மாலை நூல் அவர் உடுத்திருந்த சாரத்தின் நுனியைப் பிடித்தது. கண் மூடித் திறப்பதற்குள் சாரம் முழுக்கத் தண்டுக்குப் போய்விட்டது. சாரம் பழையது, கிழிந்துவிட்டது, அதனால் மனுசன் பிழைத்தார். கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. மெசின் நின்ற பிறகு உள்காற்சட்டையோடு எழுந்து நின்று, "தங்கச்சி, அந்தப் பக்கம் திரும்புங்க" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உறையைத் தேடி எடுத்து மாட்டிவிட்டோம். இப்போது மாவுக்கட்டோடு பலா மரத்தடியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறார்.

தென்னைகளுக்கு நடுவே வெட்டத் தொடங்கியாயிற்று. மச்சான், இதை எப்படி எழுதுவேன்! புல் விழுகிறதே இல்லை. முன்னால் மதில் மாதிரி நிற்கிறது, பின்னால் இல்லாமலே போகிறது. மழைக்குப் பிறகு வருகிற வாசம் ஊர் முழுக்க அடிக்கிறது. புல்லுக்குள் விழுந்து கிடந்த தேங்காய்கள், ஒருத்தரும் பார்க்காமல், ஒருத்தரும் தண்ணீர் ஊற்றாமல், வரிசை வரிசையாக முளைத்து நிற்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட அடிக்க மனம் வரவில்லை. கிளச்சைப் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கிறது, மெசின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்படி நிறுத்தி நிறுத்தி, கன்றுகளை விலக்கிப் போக வேண்டியிருக்கிறது. அந்த நேரம் கால் நடுங்குகிறது.

காட்டுப் பக்கத்து மூலை கடைசி வேலை. வெட்டி முடித்ததும் எழுதுகிறேன்.

ஸைனம்பு


சலாலா
26.6.1996

ஸைனம்பு,

உறையைப் பற்றி எழுதாமல் விட்டேன். இங்கே அதைக் கழற்ற நினைக்கிற ஆளே இல்லை, அதனால் எனக்குத் தோன்றவில்லை. அழகமுத்துவிடம் என் ஸலாத்தைச் சொல்.

கால் நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். யாருடைய கால்? மணிக்கட்டு முறிந்தவன் மரத்தடியில் இருக்கிறான். அவன் கால் கிளச்சில் நடுங்காது, நடுங்கினாலும் உன்னிடம் சொல்ல மாட்டான். ட்ராக்டரை ஓட்டுவது நீ. அந்த வரியையே திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

காட்டு மூலைக்குப் போகாதே. அங்கே என்ன நடந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். அந்த வருடக் கோடையில் எல்லாரையும் போல நாங்களும் புல்லுக்கு நாலு பக்கமும் நெருப்பு வைத்தோம். நான் வீட்டுப் பக்கம் நின்றேன். வாப்பா காட்டு ஓரத்தில், நெருப்பு இன்னும் பிடிக்காத இடத்தில் நின்றார். உள்ளே ஆனை நிற்பது ஒருத்தருக்கும் தெரியாது. அவ்வளவு பெரிய வெளியில் அது வேறு எங்கேயும் திரும்பவில்லை. புகைக்குள்ளிருந்து வந்து நேரே அவரிடம் போயிற்று. தேடிப் போன மாதிரிப் போயிற்று ஸைனம்பு. மூன்று வருடமாக அதையே நினைக்கிறேன். எங்கள் மேல் அதற்கு என்ன கோபம் என்று நினைக்கிறேன்.

நானாவுக்கு எழுதிவிட்டேன். வியாபாரி ஆகஸ்ட் வரை பொறுப்பாராம். மூலையைப் புல்லோடே விற்கலாம். இங்கே மூடுபனி தொடங்கிவிட்டது. மலையும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. இரவில் வேலைக்காரர் எல்லோரும் உறங்கிய பிறகு உனக்காக துஆ கேட்கிறேன்.

ஸக்கரியா


கலேவெல
15.7.1996

மச்சான்,

உங்கள் கடிதம் வருவதற்கு முதல் நாளே மூலையை வெட்டிவிட்டேன். ஓட்டியது நான்தான். பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டேன். உட்கார்ந்து வாசியுங்கள்.

காலையில் நீங்கள் சொன்ன மாதிரியே வெளி ஓரத்தில் தொடங்கினேன். சுற்றிச் சுற்றி வரப் புல் நடுவில் ஒரு தீவாகச் சுருங்கிக்கொண்டே போயிற்று. முதலில் எலிகள் ஓடின. பிறகு ஓர் உடும்பு. பிறகு மயில் ஒன்று குஞ்சுகளோடு வந்து, எனக்கு முன்னால் கோபமாக நடந்து போயிற்று. எல்லாம் உள்ளே உள்ளே ஒதுங்கி, இடம் இல்லாமல் போன பிறகுதான் வெளியே வருகின்றன என்று அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். வேலை முடிகிற சந்தோஷத்தில் விளங்கவில்லை.

நடுப்பகல் ளுஹர் தொழுதுவிட்டு மறுபடி ஏறினேன். ஒரு வீட்டு வளவு அளவுக்குத்தான் புல் மிச்சம். அதன் காட்டுப் பக்கமாக வந்துகொண்டிருக்கும்போது, காற்று ஒரு பக்கம் அடிக்க, புல் வேறு பக்கம் சாய்ந்தது. கிளச்சைப் பாதி மிதித்தேன். புல்லுக்கு மேலே ஒரு முதுகு தெரிந்தது. பிறகு காது.

அழகமுத்து அண்ணனைப் பார்த்தேன். மரத்தடியில் ஆள் இல்லை. மாவுக்கட்டோடு மரத்தின் மேல் இருந்தார். ஒற்றைக் கையால் மனுசன் எப்படி ஏறினார் என்று அவருக்கே இன்றுவரை தெரியாது.

சுழற்சியை நிறுத்தினேன். சுத்தியல்கள் ஓயும்வரை அது அசையவில்லை. இறங்கி ஓடத்தான் உடம்பு துடித்தது. அப்போதுதான் நான் நிற்கிற இடத்தைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் காடு. எனக்கு முன்னால் அது. அதற்குப் போவதற்கு இருந்த ஒரே வழியில் நான் ட்ராக்டரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மெசினைத் தூக்கி, இஞ்சினைத் தணித்து, வெட்டிய தடத்திலேயே மெதுவாக வீட்டுப் பக்கம் சுற்றி வந்தேன். கலிமாவை எத்தனை தரம் சொன்னேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வீட்டுப் பக்கம் வந்து இஞ்சினையும் நிறுத்தினேன். அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை.

பின்வாசல் திறக்கிற சத்தம் கேட்டது. மாமி வந்து என் பக்கத்தில் நின்றார். நான் அவர் கையைப் பிடித்தேன். மாமி புல்லையே பார்த்துக்கொண்டு, "புள்ள பெத்தீக்கிது. போக வுடு" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

அது வெளியே வந்தது மச்சான். அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு குட்டி. பிறந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது, உடம்பெல்லாம் செம்மயிர், நிற்கத் தெரியாமல் நின்றது. காலையிலிருந்து நான் சுற்றிச் சுற்றி நெருக்கிக்கொண்டு வர, அந்தச் சத்தத்துக்குள் இது அசையாமல் நின்று குட்டியை மறைத்திருக்கிறது. ஒரு பிளிறல் இல்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

வெட்டிய புல்லைத் துதிக்கையால் தொட்டுப் பார்த்தது. நம்பிக்கை வராத மாதிரி மறுபடி தொட்டது. பிறகு ஒரு பிடி தூளை அள்ளிக் குட்டியின் முதுகில் போட்டது. எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. குட்டி நாலு எட்டுக்கு ஒரு தரம் விழ, அது நின்று நின்று காலால் அணைத்துக் கூட்டிப் போயிற்று. வளவைச் சுற்றிய கம்பி வேலியில் குட்டி சிக்கியது. தாய் ஒரு கட்டையைக் காலால் அமுக்கிக் கம்பியைத் தரையோடு தரையாக மிதித்துப் பிடித்துக்கொண்டது. குட்டி தாண்டியது. காடு மூடிக்கொண்டது.

மறு நாள் உங்கள் கடிதம் வந்தது. வாசித்துவிட்டு அந்த மூலைக்குப் போய் நின்று பார்த்தேன். மச்சான், மாமாவை அது தேடி வரவில்லை. நாலு பக்கமும் நெருப்பு. நெருப்பு இல்லாத ஓர் இடத்தில் மாமா நின்றார், மனுசன் அங்கேதானே நிற்பான். ஆனைக்கும் அந்த ஓர் இடம்தான் இருந்தது. நான் நின்ற அதே இடம். என்னிடம் ட்ராக்டர் இருந்தது, விலகினேன். உங்கள் மேலும் மாமா மேலும் அதற்கு ஒரு கோபமும் இருக்கவில்லை.

இனிச் சுற்றிச் சுற்றி வெட்ட மாட்டேன். வீட்டுப் பக்கத்தில் தொடங்கி, வரி வரியாகக் காட்டுப் பக்கம் போவேன். உள்ளே இருக்கிறது போகட்டும். டீசல் கூடப் போகும், போனால் போகட்டும்.

இப்போது சொல்லுங்கள். விற்பதா?

ஸைனம்பு


சலாலா
2.8.1996

என் ஸைனம்புவுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்றைக்கு மூடுபனி கொஞ்சம் விலகியபோது பார்த்தால், போன மாதம் வரை சாம்பல் நிறத்தில் கிடந்த மலை முழுக்கப் பச்சையாகிவிட்டது. நம் மாத்தளை ரிவர்ஸ்டன் மலையை யாரோ தூக்கிவந்து பாலைவனத்தில் வைத்த மாதிரி இருக்கிறது. எல்லோரும் அதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள். நான் உன்னை நினைத்து ஆச்சரியப்படுகிறேன். உன்னோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஆனைக்கு வழி விட்டு ட்ராக்டரைத் திருப்புகிற பெண் என்று எனக்குத் தெரியாது.

சுற்றி வெட்டச் சொன்னது நான். அந்தப் பிழை என்னுடையது. ஆனால் வாப்பாவைப் பற்றி நீ எழுதிய இடத்தை வாசித்துவிட்டு, புல்வெளியில் ட்ராக்டரை நிறுத்தி அழுதேன். மூன்று வருடத்தில் முதல் தரம். பாகிஸ்தான்காரன் ஒருவன் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தான், என் வீட்டில் மையித்து, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டான். இல்லை, பழைய மையித்துத்தான் என்றேன்.

உம்மா பின்வாசலைத் திறந்தார் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

ஒப்பந்தக் கடதாசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நானாவுக்கும் எழுதிவிட்டேன், வியாபாரி வேறு இடம் பார்க்கட்டும். ஆகஸ்ட் கடைசியில் வருகிறேன், இன்ஷா அல்லாஹ்.

ஆனால் உன்னிடம் ஒன்றை மறைக்க மாட்டேன். எனக்குப் பயம் போகவில்லை. கோபம் இல்லை என்று தெரிந்ததும் மனதில் இருந்த பாரம் போய்விட்டது, கால்களில் இருக்கிற பயம் அப்படியேதான் இருக்கிறது. வந்த உடனே உள்ளே வா என்று என்னை இழுக்காதே. முதல் நாள் நீ வெட்டு. நான் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறேன். அதற்கு மட்டும் சம்மதம் சொல்.

ஸக்கரியா


கலேவெல
14.8.1996

மச்சான்,

மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "வரட்டும்" என்றார். அன்றைக்குப் பகலே உங்கள் அறையைக் கூட்டத் தொடங்கிவிட்டார். அழகமுத்து அண்ணனுக்கு மாவுக்கட்டு அவிழ்த்தாயிற்று. நீங்கள் வந்தால் மரத்தில் ஏறின கதையைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். எழுதக்கூடாது என்று சொல்ல மறந்துவிட்டார்.

பயம் போக வேண்டாம். பயத்தோடேயே வாருங்கள். நானும் பயத்தோடுதான் ஓட்டுகிறேன்.

வேலிக்கு வெளியே நிற்கச் சம்மதம் கேட்டிருக்கிறீர்கள். அதை என்னால் தர முடியாது மச்சான். நாலு வரிக் கம்பி எந்தக் காலத்தில் ஆனையை உள்ளே வராமல் தடுத்தது? வந்த குட்டியை வெளியே போக விடாமல்தான் பிடித்து வைத்தது. போன கிழமை நானும் அழகமுத்து அண்ணனும் கட்டைகளைப் பிடுங்கி, கம்பியை முழுக்கச் சுருட்டி எடுத்துவிட்டோம்.

இனி நீங்கள் எங்கே நின்றாலும் எங்கள் வளவுக்குள்தான் நிற்பீர்கள்.

ஸைனம்பு